சகலை வீட்டில் ஐம்பத்தொன்பது நாள்

1

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்து. தை பிறந்து நான்காம் நாள். வெயில் இருந்தது, சுடவில்லை. பாண்டி பஜாரில் இரண்டு பேர் மஃப்ளர் கட்டியிருந்தார்கள். கனடாவில் என் மகன் இருக்கும் ஸ்கார்பரோவில் அப்போது மைனஸ் ஒன்பது என்று என் கைபேசி சொன்னது. இரண்டு ஊர் வெப்பநிலையையும் அதில் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்பாள். எதற்குமில்லை, தெரிந்திருப்பது நல்லது.

வெள்ளிப் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் நஸ்ரீனின் அலுவலகம். இருபத்தொன்பது படி. வெளிநாட்டுக் குடியேற்ற விவகாரங்களில் ஆலோசனை சொல்கிற பெண், ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நான் போனது ஒரு சம்பிரதாயத்துக்காகத்தான். என் கனடா நிரந்தர வசிப்பாளர் அட்டை டிசம்பர் மாதம் காலாவதியாகிவிட்டது. அந்த அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். புது அட்டையை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பவும் மாட்டார்கள். அங்கே போனால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் அங்கே போகலாம். இந்த முடிச்சை அவிழ்க்க அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பயணம் செய்வதற்கென்று கடவுச்சீட்டில் ஒரு தாளை ஒட்டித் தருவார்கள். பயண ஆவணம் என்று பெயர். அதைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள்: கடந்த ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாள் கனடாவில் இருந்தாயா? இல்லையென்றால் நீ நிரந்தரமும் இல்லை, வசிப்பாளரும் இல்லை.

நான் இருந்தது அறுநூற்று எழுபத்தொன்று. கொரோனாவில் சென்னையில் தனியாக மாட்டிக்கொண்டதாலும், அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இங்கே தனியாக ஓடிவந்ததாலும் வந்த குறை. ஐம்பத்தொன்பது நாள் துண்டு விழுகிறது. ஆனாலும் நான் நிம்மதியாக இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த வாக்கியத்தை நம்ப மாட்டார்கள். கனடியக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாளும் கனடாவில் இருந்த நாளாகவே கொள்ளப்படும் என்று அவர்கள் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஸ்டெல்லாவுக்குக் குடியுரிமை உண்டு. ஆகஸ்ட் நான்காம் தேதி நானும் அவளும் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்து மீனம்பாக்கத்தில் இறங்கினோம். அன்றிலிருந்து நூற்று அறுபத்தாறு நாள். மொத்தம் எண்ணூற்று முப்பத்தேழு. நூற்றேழு நாள் கையிருப்பு.

"ஆரோக்கியசாமி சார், கணக்கு பிரமாதம்," என்றாள் நஸ்ரீன். "ரெண்டு பேரும் இருக்கற வீட்டு அட்ரஸ் சொல்லுங்க."

"எனக்கு அபிராமபுரம்."

"அம்மாவுக்கு?"

"திருவான்மியூர்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "சண்டையா சார்?"

"அவ அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு. பார்த்துக்கப் போயிருக்கா."

"நீங்க அங்க தங்கறதில்லையா?"

"தினமும் போவேன். சாயங்காலம் அஞ்சரைக்குப் போனா ஆறேகால் வரைக்கும்."

"வீட்டுக்குள்ள?"

"கேட்டு வரைக்கும்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அரை நாளாவது போட மாட்டாங்களா அம்மா?"

"அவங்ககிட்ட அரை நாளே கிடையாது சார். கனடால பத்து நிமிஷம் கால் வச்சா முழு நாள். இங்க கேட்டுக்கு வெளிய நின்னா பூஜ்யம்."

2

ஸ்டெல்லாவுக்குக் குடியுரிமை கிடைத்து எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஊரில் கேட்கிறார்கள். கிடைக்காமல் இல்லை, நான் கேட்கவில்லை.

மகன் ராபின் எங்கள் இருவரையும் அங்கே வரவழைத்து, அவன் வீட்டு நிலவறையில் ஒரு அறை, ஒரு குளியலறை, ஒரு சிறிய சன்னல் கொடுத்தான். சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் முழங்கால் வரை தெரியும். குடியுரிமைக்கு மனுப் போடும் காலம் வந்தபோது இருவர் படிவத்தையும் அவனே நிரப்பினான். நான் என்னுடையதை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் காரணம். முப்பத்தொரு வருடம் அரசு உத்தியோகம் பார்த்தவனுக்கு ஒப்படைப்பது என்றால் ஓய்வு பெறுவது. ஓய்வு ஒரு தடவை பெற்றால் போதும் என்று நினைத்தேன்.

ஸ்டெல்லா நினைக்கவில்லை. அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய், பல நாட்டு மனிதர்களோடு ஒரு மண்டபத்தில் கை தூக்கி உறுதிமொழி எடுத்தாள். தேசிய கீதத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடினாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை, பாட்டு வரும். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டினேன். வெளியே வந்ததும், "இனிமே நான் வேற நாட்டுக்காரி. மரியாதையா பேசுங்க," என்றாள். சிரித்தேன். அந்த வேற நாட்டுக்காரியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தேன் என்று நிரூபித்தால்தான் என்னை உள்ளே விடுவார்கள் என்பது அன்று தெரியாது.

நஸ்ரீன் விளக்கியது இதுதான். மனு நிராகரிக்கப்பட்டால் என் வசிப்புரிமை போய்விடும். மறுபடி மகன் மனுப் போட்டு வரவழைக்க எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு எழுபத்து மூன்று முடிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் திரும்பும் பயணச்சீட்டு மார்ச் 29. மே மாதம் பேத்தி கோவிலில் முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குகிறாள், எங்கள் வழக்கில் புது நன்மை. ஸ்டெல்லா போவாள். நான் அபிராமபுரத்தில் இருப்பேன். நாற்பத்தாறு வருடக் குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஆகிவிடும். இவ்வளவும் ஒரு கேட்டுக்கு வெளியே நின்றதால்.

3

ஏன் வெளியே நின்றேன் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லாவின் அக்கா ரோஸியின் கணவர் மரியதாஸ், எனக்குச் சகலை. திருவான்மியூரில் மளிகைக் கடை, மேலே வீடு. நான் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர். கடைகளின் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பகுதி என் பொறுப்பில் வந்தது. வரிசையாக எல்லாக் கடைக்கும் போனேன். சகலை கடைக்கும் போனேன். அவருடைய ஒரு கிலோ எடைக்கல் இருபத்திரண்டு கிராம் குறைவு.

"துருப் புட்ச்சி தேஞ்சிருக்கும் சகலை," என்றார் அவர்.

"தேஞ்சா போன வருஷமே மாத்தியிருக்கணும்."

"இருவத்திரெண்டு கிராம்தான?"

ரோஸி மேலிருந்து காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதி முடித்து, கல்லைப் பறிமுதல் செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தேன். காபியைத் தொடவில்லை. குடித்திருந்தால் அதற்குப் பெயர் வேறு. அபராதத்தை அவர் மறுவாரமே கட்டிவிட்டார். கட்டிவிட்டு, ஒரு கல்யாண வீட்டில், நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உரக்கச் சொன்னார்: "இனிமே எவ்ளோ பெரிய ஆபீசரா இருந்தாலும் என் ஊட்டுக்குள்ள வந்தா எடை போட்டுத்தான் உள்ள வுடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. இருபத்திரண்டு கிராம் என்பது எப்போதும் இருபத்திரண்டு கிராம்தான்.

ஆகவே போன ஆகஸ்டில் ஸ்டெல்லா பெட்டியோடு அங்கே போனபோது நான் அபிராமபுரத்தில் இருக்கும் எங்கள் சொந்த வீட்டுக்கு வந்தேன். மாலையில் மந்தைவெளியில் பேருந்து ஏறிப் போவேன். முட்டிக்குத் தடவும் தைலம், கொய்யாப்பழம், ஸ்டெல்லாவுக்குப் பிடித்த வேர்க்கடலை என்று ஏதாவது எடுத்துப்போய் கேட்டுக்கு இந்தப் பக்கமிருந்து கொடுப்பேன். அவள் அந்தப் பக்கம் நின்று வாங்கிக்கொள்வாள். கொஞ்ச நேரம் பேசுவோம். மாடி வராந்தாவில் சகலை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

4

மனுவோடு வைக்க வேண்டிய ஸ்டெல்லாவின் வாக்குமூலத்தை நானே எழுதினேன். 'நானும் என் கணவரும் ஆகஸ்ட் 4 முதல் இன்றுவரை சென்னையில் சேர்ந்தே வாழ்ந்து வருகிறோம்.' நான்கு தடவை படித்துப் பார்த்தேன். சென்னையில் வாழ்கிறோம் என்பது உண்மை. சேர்ந்து என்பதற்கு அளவுகோல் எது? சட்டத்தில் எத்தனை அடி தூரம் என்று போடவில்லை. கனடாவில் நாங்கள் ஒரே அறையில் இருந்தும் நான் பத்திரிகை, அவள் தொலைக்காட்சி என்று முழு நாளும் பேசாமல் போனதுண்டு. அந்த நாட்களையெல்லாம் கழித்தா கணக்குப் போட்டார்கள்? இப்படி எனக்கு நானே வாதாடிக்கொண்டே அன்று மாலை திருவான்மியூர் போய்ச் சேர்ந்தேன்.

அவள் கேட்டில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள்.

"யாரு எழுதினது இது?"

"நாந்தான்."

"கையெழுத்து நல்லா இருக்கு." மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஸ்டெல்லா, சும்மா ஒரு பேப்பர். யாரும் வந்து பார்க்கப் போறதில்ல."

"மாமா கடையில நீங்க என்ன எழுதினீங்க? பார்த்ததை எழுதினீங்க. அக்கா அழுதுச்சு, அம்மா அழுதாங்க, நானும் உங்க பக்கம்தான் பேசினேன். நானும் பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"என்ன பார்த்தே?"

"கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வந்து நின்னதைப் பார்த்தேன். நூத்தி அறுபத்தாறு நாள்."

"மழையில பதினோரு நாள் வரலை," என்றேன்.

அவள் விரல்விட்டுக் கழித்தாள். "நூத்தி ஐம்பத்தஞ்சு. திருத்திக்கறேன்."

மேலே வராந்தாவில் யாரோ இருமினார்கள். யாரென்று தெரியும்.

"உள்ள வந்து இருங்க," என்றாள். "ஒரு நாள் இருந்தா ஒரு நாள் எழுதறேன். இல்லேன்னா மார்ச் இருபத்தொன்பது நான் போறேன். பிள்ளை நன்மை வாங்கறப்போ நான் அங்க இருக்கணும். நீங்க வேணும்னா ஏர்போர்ட்டு கேட்டு வரைக்கும் வாங்க. அதுதான் உங்களுக்குப் பழக்கம்."

பேருந்தில் கணக்குப் போட்டேன். ஐந்து வருடக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் ஒரு நாள் சேர்ந்தால் பின்னால் ஒரு நாள் உதிர்ந்துவிடும். நல்லவேளை, பின்னால் உதிரப்போவது எல்லாம் கொரோனாவுக்குச் சற்று முன் நான் தனியாகச் சென்னைக்கு வந்து கிடந்த நாட்கள், அதாவது பூஜ்யங்கள். உதிர்ந்தால் நஷ்டமில்லை. திங்கட்கிழமை உள்ளே போனால் மார்ச் 19-ஆம் தேதி ஐம்பத்தொன்பது நாள் நிரம்பும். 20-ஆம் தேதி மனு. அவசரம் என்று எழுதிக் கேட்டால் 29-க்குள் தாள் வந்தாலும் வரலாம். வராவிட்டால் அவள் மட்டும் போவாள். இதில் எங்கேயும் பிழையில்லை, சகலை வீட்டில் ஐம்பத்தொன்பது நாள் என்பதைத் தவிர.

5

ஜனவரி 20, திங்கள், மாலை ஐந்தேமுக்கால். ஒரு தோள்பை, ஒரு சூட்கேஸ். கேட்டைத் திறந்துகொண்டு போனேன். கொக்கி உள்பக்கம் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

சகலை கடைக்குள் இருந்தார். எழுபத்தெட்டு வயது, என்னைவிட நிமிர்ந்து நிற்கிறார்.

"இன்னா சகலை, வழி தெர்ஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அங்கியே நில்லு. மேல ஏறாத."

கடை ஓரத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் மின்தராசு இருந்தது. அதன் மேலிருந்த மூட்டையைத் தள்ளினார். "ஏறு இதும்மேல."

"எதுக்கு?"

"சரக்கு எறங்கசொல்ல எடை போட்டுத்தான் உள்ள வெக்கறது. நாளைக்கு நீ எளச்சிப்புட்டேன்னு வெய்யி, எம்மேலியே கேஸு போடுவ. செய்யாத ஆளா நீ?"

படியில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். கைத்தடியோடு ரோஸி அக்கா நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். செருப்போடு ஏறினால் எடை தவறு.

"அறுவத்தொண்ணு நானூறு," என்று படித்தார் சகலை. பிறகு ஒரு விரலால் தராசின் பக்கவாட்டைக் காட்டினார். "முத்திரைய பாத்துக்கோ. சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிடு."

பார்த்தேன். நடப்பு வருடத்து முத்திரை, ஒழுங்காகக் குத்தியிருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"வா தம்பி," என்றார்கள் ரோஸி அக்கா. "முப்பத்து மூணு வருஷத்துக் காபி ஆறிப்போயிட்டுது. வேற போட்டுத் தரேன்."

6

அந்த வீட்டில் எங்களுக்குக் கொடுத்த அறையில் ஒற்றைக் கட்டில்தான். ஸ்டெல்லா கட்டிலில், நான் பாயில். கீழே கடைச் சரக்கு என்பதால் பாயில் படுத்தால் மிளகாய் நெடி. முதல் வாரம் தும்மிக்கொண்டே இருந்தேன். காலை ஐந்துக்கு ஷட்டர் தூக்கும் சத்தம். ஆறுக்கு ரோஸி அக்காவின் நடைப்பயிற்சி, வராந்தாவில் போக இருபது தப்படி, வர இருபது. ஸ்டெல்லா ஒரு பக்கம் பிடித்துக்கொள்வாள். இரண்டாம் வாரத்திலிருந்து மறுபக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னாள். எண்ணுகிற வேலை எப்படியும் என்னுடையது.

ஸ்கார்பரோவில் என் நாள் வேறு மாதிரி. காலையில் கைபேசி சொல்கிற பனியளவை வெளியே போய்க் கால் வைத்துச் சரிபார்ப்பேன். ராபின் கார் எடுக்கும் முன் வாசல் பனியைத் தள்ளக் கூடாது என்று எனக்குத் தடை, இதயத்துக்கு ஆகாதாம். பத்து மணிக்கு நூலகம். வரும் வழியில் பல்பொருள் அங்காடியில் வாழைப்பழத்தை அவர்கள் தராசில் நிறுத்துப் பார்ப்பேன், வாங்க மாட்டேன். மாலையில் பேத்தி வந்து "ஹாய் தாத்தா" என்று படியிலேயே சொல்லிவிட்டு மேலே போய்விடுவாள். பாதிப் படி இறங்கி வருவாள் என்பதுதான் விஷயம். ஏழு படி. போன வருடம் வரை பதினான்கும் இறங்கி வந்து என் மடியில் உட்காருவாள். அந்த ஏழு படிக்காகத்தான் இந்தப் பாடு என்று சகலையிடம் சொல்ல முடியாது. சொன்னால் ஏழு படிக்கு என்ன விலை என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திரையில் வருவாள். நான் ஏன் இன்னும் வரவில்லை என்று ராபின் அவளுக்கு ஏதோ விளக்கியிருக்கிறான்.

"தாத்தா, நீங்க எக்ஸ்பையர் ஆயிட்டீங்களா?"

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அட்டைதான் கண்ணு. தாத்தா இன்னும் ஆகலை," என்றாள்.

"அப்ப தாத்தா வருவாங்களா? புது நன்மைக்கு?"

"கேட்டுப் பாரு," என்று என் பக்கம் கைபேசியைத் திருப்பினாள்.

"முயற்சி பண்றேன்," என்றேன். அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. "ட்ரை பண்றாராம்," என்று பின்னாலிருந்து ராபினின் குரல் வந்தது. என் தமிழை என் பேத்திக்கு மொழிபெயர்க்க ஒரு ஆள் தேவைப்படுகிறது.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. சகலை ஒவ்வொரு வேளையும் தானே பரிமாறுவார். "அளந்து போடறேன் சகலை, கொறஞ்சா சொல்லு." சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கியதும் வீட்டில் மீனும் கறியும் நின்றன. "ஒனக்குத் தவக்காலம் ஜனவரிலியே ஆரம்பிச்சிட்ச்சி இல்ல," என்றார். ஸ்டெல்லா மட்டும் இரண்டு நாளைக்கொரு தரம், "இருபத்தொன்பதுக்கு இன்னும் இத்தனை நாள்," என்று பொதுவாகச் சொல்வாள், யாரையும் பார்க்காமல். எனக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் ஒரு நாள் சறுக்கல். பிப்ரவரி பதினொன்றாம் தேதி, அபிராமபுரத்தில் மேல்நிலைத் தொட்டி வழிந்து கீழ்வீட்டுச் சுவர் ஊறுகிறது என்று செய்தி வந்தது. போனேன். குழாய்க்காரர் வர நேரமாகிவிட்டது. என் கட்டில், என் விசிறி, என் கழிப்பறை. அங்கேயே படுத்துவிட்டேன். மறுநாள் காலை ஏழரைக்குத் திரும்பி வந்தபோது சகலை ஷட்டரருகே பல் குத்திக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

7

நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு ஸ்டெல்லாவின் வாக்குமூலம் மட்டும் போதாது, வீட்டு உரிமையாளரும் எழுதித் தர வேண்டும் என்று நஸ்ரீன் சொல்லியிருந்தாள். வீட்டு உரிமையாளர் மரியதாஸ். மார்ச் 20 காலையில் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். தயாராக இருந்தவர் போல, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அழகான, உருண்டையான எழுத்து. படித்தேன்.

"சகலை, ஐம்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"ஐம்பத்தொன்பது."

"பிப்ரவரி பதினொண்ணு நீ இங்க படுக்கல."

"தொட்டி வழிஞ்சுது. குழாய்க்காரன் வர நேரமாயிடுச்சு."

"அது ஒன் கஷ்டம். நான் பாயி எத்தினி நாளு விரிச்சிக் கெடந்திச்சோ அத்த எழுதிக்கீறேன்."

"இருபத்தொன்பதுக்குள்ள தாள் வந்தாகணும். ஒரு நாள்தானே சகலை..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. அவருக்கும் கேட்டது. அவர் சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். சிரிக்கவில்லை. ஒரு வாடிக்கைக்காரருக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ போனப்புறம் அந்தக் கல்ல நான் பட்டணத்துல இன்னொரு எடத்துல போட்டு நிறுத்துப் பாத்தேன்," என்றார். "இருவத்திரெண்டு இல்ல சகலை. இருவத்திநாலு."

"என்கிட்ட இருந்த கல்லை எப்படி நிறுத்தீங்க?"

"ஜோடிக் கல்லு. நீ எடுத்துக்கினு போனது ஒண்ணு. எங்கையில இன்னொண்ணு இருந்திச்சு, நீ அத்தப் பாக்கல. அத்தக் கொண்டு போயி கெணத்துல போட்டேன்." எழுந்தார். "இன்னிக்கி ராத்திரி படு. காத்தால அம்பத்தொம்போதுன்னு எழுதித் தரேன். சுளையா, ஒரு கிராமு கொறையாம."

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் தவறவிட்டதாக அறிந்த ஒரே கல் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐம்பத்தொன்பதோடு தி.நகர் போனேன். நஸ்ரீன் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள்.

"சரியா எழுநூத்தி முப்பதா சார்? ஒரு நாள் கூடக் கையில இல்லாம?"

"சரியாத்தானே இருக்கணும்?"

"எல்லாரும் பத்து நாள் இருபது நாள் சேர்த்துதான் கொண்டு வருவாங்க." ஸ்டெல்லாவின் வாக்குமூலத்தை எடுத்தாள். அதில் ஸ்டெல்லா, ஜனவரி 17 வரையிலான நூற்று ஐம்பத்தைந்து மாலைகளையும் எழுதியிருந்தாள், தைலம், கொய்யாப்பழம் உட்பட. 'வீட்டுக்குள் வரவில்லை' என்றும் எழுதியிருந்தாள். "இதை எடுத்துடலாமா சார்? தேவையில்லாம கேள்வி வரும்."

"இருக்கட்டும்," என்றேன்.

அவசரம் என்று குறித்து அன்றே அனுப்பினோம். உத்தரவாதம் கிடையாது என்று அவள் மூன்று தடவை சொன்னாள்.

8

மார்ச் 27, வியாழன். இரண்டு நாளில் விமானம். பதில் வரவில்லை. நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு முடிந்துவிட்டதால் அபிராமபுரம் திரும்பலாம், ஆனால் போகவில்லை. ஆட்டோவுக்கு நூற்று எண்பது கேட்கிறான்.

மதியம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்டெல்லாவின் பெட்டிகள் இரண்டும் அலமாரி மேலேயே இருந்தன. வழக்கமாக அவள் ஒரு வாரம் முன்பே பெட்டியைத் திறந்து வைத்து, ஊறுகாய் பாட்டில் எங்கே, புடவை எங்கே என்று நிறுத்து நிறுத்து வைப்பாள். தனியாகப் போகிறவள், எழுபது வயது, டொரோண்டோவில் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று கேட்டு வைப்போமென்று ராபினைக் கூப்பிட்டேன்.

"எந்த ஃப்ளைட்டுப்பா?" என்றான்.

"இருபத்தொன்பது. அம்மா வர்றாளே."

"அதுவா? அம்மா ஜனவரியிலேயே ரெண்டு டிக்கெட்டையும் மாத்தச் சொல்லிட்டாங்களே. ஈஸ்டர் முடிஞ்சு, ஏப்ரல் இருபத்துநாலு. பக்கத்துப் பக்கத்து சீட்டு. உங்ககிட்ட சொல்லலையா?"

"ஜனவரில எப்போ?"

"நீங்க பெரியம்மா வீட்டுக்குப் போனீங்கல்ல. அதுக்கு மறுநாள்."

வராந்தாவில் ஸ்டெல்லா அக்காவுக்கு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏப்ரல் இருபத்துநாலாமே."

"ராபின் சொல்லிட்டானா?"

"ரெண்டு மாசமா தினமும் இருபத்தொன்பது இருபத்தொன்பதுன்னு எண்ணிக்கிட்டு இருந்தே."

"சொல்லியிருந்தா அஞ்சாம் நாளே அபிராமபுரத்துக்கு ஓடியிருப்பீங்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள் ஓடினீங்கதானே?"

ரோஸி அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தோள் குலுங்கியது.

"பேப்பர் வராம போனா என்ன பண்ணியிருப்பே?"

"மறுபடி மாத்தியிருப்பேன்."

"புது நன்மை?"

அவள் தைலப் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். நான் அக்காவின் கைத்தடியை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு நாளும் நான் எந்தத் தேதியைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேனோ அந்தத் தேதி ஜனவரி இருபத்தொன்றிலிருந்தே இல்லை.

பதில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. கடவுச்சீட்டை அனுப்பு என்று ஒரே வரி. கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொய்யாப்பழத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. 15-ஆம் தேதி தாள் ஒட்டி வந்தது. அட்டை இன்னும் இல்லை. அதற்கு அங்கே போய் வேறு படிவம், வேறு புகைப்படம், வேறு ஐம்பது டாலர். நாளை மறுநாள் விமானம். சகலை வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கீழே ஸ்டெல்லாவின் பெட்டிகளை அரிசித் தராசில் வைத்து சகலை நிறுத்துக்கொண்டிருக்கிறார். அரைக் கிலோ கூடுதல் என்று அவர் குரல் கேட்கிறது.

செலவைக் கூட்டி வைத்திருக்கிறேன். அரசுக் கட்டணம் ஐம்பது டாலர், அன்றைய விலைக்கு ரூபாயில். நஸ்ரீனுக்கு வரியோடு பதினேழாயிரத்து எழுநூறு. சகலையின் உருண்டை எழுத்தை ஆங்கிலமாக்க, நோட்டரிக்கு, புகைப்படத்துக்கு, கடவுச்சீட்டுப் போக வர, ஆட்டோ, பிப்ரவரி பதினொன்றாம் தேதிக் குழாய்க்காரர். தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் சகலை வாங்க மறுத்துவிட்டார், அதனால் எழுதவில்லை. இரண்டு பயணச்சீட்டை மாற்ற எவ்வளவு ஆனது என்று ஸ்டெல்லாவை ஒன்பது தடவை கேட்டுவிட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறாள். அது நீங்கலாக, மொத்தம் இருபத்தைந்தாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.